ஸ்னூப்பி அச்சிட்ட பழைய உடுப்புத் துணி: கரையில் 1958 என்று இருந்தால் 1958 துணிதானா?

கத்தரிமுனை:
கையில் இருக்கும் துணியின் விவரத்தை முழுசாக் கொடுத்துவிடுகிறேன்.

பன்னா 44 அங்குலம். நீளம் இரண்டே முக்கால் கெஜம், அதாவது 2.51 மீட்டர். ஒரே துண்டு, இரண்டு பக்கமும் கரை இருக்கிறது. ஒரு கரையில் வட்டத்துக்குள் ‘சி’ போட்ட காப்புரிமைக் குறி, அதன் பக்கத்தில் 1958, 1965, யுனைடெட் ஃபீச்சர் சிண்டிகேட் என்று அச்சு. அதே கரையில் ஆறு வண்ண வட்டங்கள். வெள்ளைத் தரை. நாய்வீட்டுக் கூரையில் மல்லாந்து படுத்த ஸ்னூப்பி, கறுப்புக் கண்ணாடி போட்டுச் சாய்ந்து நிற்கும் ஸ்னூப்பி, சின்ன மஞ்சள் குருவி. எல்லா உருவத்துக்கும் தலை ஒரே பக்கம். ஒரு உருவம் மறுபடி வர நீளவாக்கில் 31.5 செ.மீ. ஆகிறது. துணி இதுவரை தண்ணீர் பார்க்காதது, மொடமொடப்பு அப்படியே இருக்கிறது. நடு மடிப்பில் மேலிருந்து கீழ்வரை பழுப்புக் கோடு.

1958 துணி என்று சொல்லித்தான் விற்கப்பட்டது. அது சரியா? கோடு போகுமா? முட்டி வரைக்கும் ஏ-லைன் உடுப்பு (மேலே ஒட்டி, கீழே விரிவது) ஒன்று இதில் வருமா? முன்பாகம், பின்பாகம் இரண்டும் தோளிலிருந்து கீழ் மடிப்பு உட்பட 100 செ.மீ.

பெட்டித்துணி:
1958 இல்லை. கரையில் இருப்பது துணி நெய்த ஆண்டோ அச்சடித்த ஆண்டோ கிடையாது. அந்த உருவத்துக்குக் காப்புரிமை எடுத்த ஆண்டு. 1958, 1965, 1966, 1971 என்ற ஆண்டுகள் ஸ்னூப்பி படம் போட்ட கோப்பை, பொம்மை, தலையணை உறை எல்லாவற்றிலும் பல வருஷம் கழித்துக்கூட அப்படியே அச்சாகி வந்தன. விற்கிறவர்கள் அதில் மிகப் பழைய ஆண்டைப் பிடித்துக்கொண்டு விலை சொல்வார்கள். இந்த வகைத் துணியில் அதிகம் நடக்கும் தப்பு இதுதான்.

கரையை விட்டுவிட்டுப் படத்தைப் படியுங்கள். ஸ்னூப்பி வரும் பீனட்ஸ் சித்திரத் தொடர் 1950 அக்டோபர் 2-ல் தொடங்கியது. ஆரம்பத்தில் ஸ்னூப்பி நாலு காலில் நடக்கும் சாதாரண நாய்க்குட்டி. நாய்வீட்டுக் கூரையில் படுக்க ஆரம்பித்ததே 1958 கடைசியில்தான். விமானியாகத் தொப்பியும் கழுத்துத் துண்டும் கட்டிக்கொண்டு வந்தது 1965 அக்டோபரில். தொடரின் மற்றப் பாத்திரங்களில் பெப்பர்மின்ட் பேட்டி 1966, ஃபிராங்க்ளின் 1968. குருவிக்கு உட்ஸ்டாக் என்று பெயர் வைத்தது 1970 ஜூனில்; பெயர் இல்லாத குருவிகள் அதற்கு முன்பே தொடரில் உண்டு, அதனால் குருவியை மட்டும் வைத்து முடிவு கட்ட முடியாது. ஆனால் கறுப்புக் கண்ணாடி போட்டுச் சாய்ந்து நிற்பது ஜோ கூல். அந்த வேஷம் 1971 மே மாதத்தில்தான் வந்தது. ஆக உங்கள் துணி 1971-க்கு முந்தியதாக இருக்கவே வழி இல்லை.

ஒரு துணியில் பத்து உருவம் இருந்தால், அதில் கடைசியாகப் பிறந்த உருவம்தான் துணியின் வயதுக்குக் கீழ் எல்லை. மற்ற ஒன்பதும் எவ்வளவு பழசாக இருந்தாலும் கணக்கில் வராது.

இழைபிரி:
கீழ் எல்லை சரி அண்ணா. மேல் எல்லை?

பெட்டித்துணி:
அது கொஞ்சம் தளர்வாகத்தான் கிடைக்கும். பீனட்ஸ் உரிமை 2010-ல் கைமாறிய பிறகு கரையில் பீனட்ஸ் வேர்ல்டுவைட் என்று வரத் தொடங்கியது. தொடரை முன்பு வெளியிட்ட யுனைடெட் ஃபீச்சர் பெயர் இருந்தால் அந்த மாற்றத்துக்கு முந்தியது. நடுவில் நாற்பது வருஷ இடைவெளி இருக்கிறதே என்றால், அதைச் சுருக்க அச்சையும் நாரையும்தான் பார்க்க வேண்டும். அது உருளையச்சு சாரின் வேலை.

மிக்கி துணி வைத்திருப்பவர்களுக்கும் ஒரு வார்த்தை. வால்ட் டிஸ்னி என்டர்பிரைசஸ் என்று இருந்தால் 1930-கள். வால்ட் டிஸ்னி புரொடக்‌ஷன்ஸ் என்பது அதற்குப் பிறகு 1986 வரை. ‘வால்ட்’ இல்லாமல் வெறும் டிஸ்னி என்டர்பிரைசஸ் என்று இருந்தால் அது 1990-களின் நடுவிலிருந்து வந்த புதுத் துணி. அந்த ஒரு சொல்லைக் கவனிக்காமல் அறுபது வருஷம் தப்பாகச் சொல்லிவிடுகிறார்கள். கண்ணையும் நம்ப வேண்டாம். கறுப்புக் கண்ணில் ஒரு துண்டு வெட்டியெடுத்த மாதிரி இருப்பது 1930-களின் மிக்கி, கண்ணுக்குள் பாவை வந்தது 1939 வாக்கில். ஆனால் அந்தப் பழைய கண்ணைப் பிற்காலத்திலும் திரும்பத் திரும்ப அச்சடித்திருக்கிறார்கள்.

உருளையச்சு:
31.5 செ.மீ. என்ற அளவு நிறையவே சொல்கிறது. சுழல் ஸ்கிரீன் எந்திரத்தில், அதாவது நுண்துளை வழியே நிறத்தைத் துணியில் தள்ளும் எந்திரத்தில், வண்ணம் ஒன்றுக்கு நிக்கல் தகட்டில் ஒரு உருளை. அதன் வழக்கமான சுற்றளவு 64 செ.மீ. எனவே படம் திரும்ப வரும் நீளம் 64, அல்லது அதைச் சரியாக வகுத்த 32, 21.3, 16 என்றுதான் விழும். 31.5 என்பது 32-லிருந்து அரை செ.மீ. குறைவு. அச்சுக்குப் பின் ஆவி காட்டி, பிசின் ஏற்றி, உலர்த்தும்போது துணி ஒன்றிரண்டு சதம் இறுகும். ஆகவே இது பெரும்பாலும் சுழல் ஸ்கிரீன் அச்சு. நெதர்லாந்தின் ஸ்டார்க் நிறுவனம் இந்த எந்திரத்தை 1963-ல் ஹனோவர் கண்காட்சியில் காட்டிய பிறகுதான் ஆலைகளுக்குள் அது பரவியது. இதுவும் 1958 கதையைத் தள்ளிவிடுகிறது.

அதற்கு முந்திய செப்பு உருளை அச்சில் சுற்றளவு பெரும்பாலும் 35 முதல் 46 செ.மீ. வரை இருக்கும், ஆலைக்கு ஆலை மாறும். செதுக்கிய கோடு மெல்லிசாகவும் கூர்மையாகவும் வரும். தட்டை ஸ்கிரீனில் நீளத்துக்குக் கட்டுப்பாடு கிடையாது. ஆனால் ஒவ்வொரு ரிப்பீட் (படம் ஒரு முறை முழுசாக வரும் நீளம்) முடிவிலும் நிறம் லேசாக ஒன்றின் மேல் ஒன்று ஏறிய கோடு சில இடங்களில் தெரியும்.

அளக்கும்போது ஒரே ஒரு ரிப்பீட்டை அளக்காதீர்கள். துணியை மேஜையில் இழுக்காமல் விரித்து, ஐந்து ரிப்பீட்டுக்கு அளந்து ஐந்தால் வகுங்கள். கரை ஓரத்தில் அளக்க வேண்டாம், அங்கே இழுபட்டிருக்கும். நடுவில் அளங்கள். கழுவிய துணி என்றால் இன்னும் மூன்று சதம் வரை குறையலாம், அதையும் கூட்டிக்கொள்ள வேண்டும்.

இழைபிரி:
புதிதாக டிஜிட்டலில் அடித்துப் பழசு என்று விற்கிறார்களே, அதில் வட்டங்களையும் சேர்த்தே நகல் எடுத்துவிடுகிறார்கள். அதை எப்படிப் பிரிப்பது?

உருளையச்சு:
பத்து மடங்கு பெரிதாக்கும் லென்ஸ் ஒன்று போதும். ஸ்கிரீன் அச்சில் சிவப்பு என்றால் அந்த இடம் முழுக்க ஒரே சிவப்பு. டிஜிட்டலில் அதே சிவப்பு மெஜந்தாவும் மஞ்சளும் கலந்த பொடிப்பொடிப் புள்ளிகளாக இருக்கும். அடுத்து கறுப்புக் கோட்டின் ஓரம். ஸ்கிரீன் அச்சில் நிறம் கோட்டுக்கு அடியில் கொஞ்சம் நுழைந்திருக்கும், நடுவில் வெள்ளை இடைவெளி விழாதிருக்க வேண்டுமென்றே அப்படிச் செய்வார்கள். எங்காவது ஓர் உருவத்தில் அது நகர்ந்து, மூக்குக்கு வெளியே கறுப்பு அரை மில்லிமீட்டர் தள்ளி நிற்கும். அந்த நகர்வு ஒவ்வொரு ரிப்பீட்டிலும் அதே மாதிரி இருக்காது, துணித் தானின் ஓட்டத்தில் கூடிக் குறையும். டிஜிட்டல் நகலில் மூலத் துணியின் பிசகு எல்லா ரிப்பீட்டிலும் ஒரே அளவில் உறைந்து கிடக்கும்.

வட்டங்களை எண்ணி, படத்தில் இருக்கும் தனி நிறங்களையும் எண்ணிப் பாருங்கள். ஆறு வட்டம் என்றால் ஆறு ஸ்கிரீன். ஏழாவதாக ஒரு நிறம் தெரிந்தால், அது இரண்டு நிறம் ஒன்றன்மேல் ஒன்று விழுந்து பிறந்ததா என்று பார்க்க வேண்டும். அப்படியும் இல்லை என்றால் சந்தேகப்படலாம்.

சாயத்தொட்டி:
நாரைச் சொல்கிறேன். கரையிலிருந்து பாவு இழை (நீளவாக்கு நூல்) ஒன்று, ஊடை இழை (குறுக்கு நூல்) ஒன்று உருவுங்கள். இடுக்கியில் பிடித்து, பீங்கான் தட்டின் மேல், பக்கத்தில் தண்ணீர் வைத்துக்கொண்டு தீ காட்டுங்கள். பருத்தி காகிதம் எரிகிற வாசனையுடன் எரிந்து, தொட்டால் பொடியும் சாம்பல் நிறச் சாம்பலாகும். பாலியெஸ்டர் சுருங்கி உருகி, கறுத்த புகைவிட்டு, ஆறியபின் நகத்தால் நசுக்க முடியாத மணியாகும். கலப்பு நூல் பருத்தி மாதிரி எரிந்துவிட்டு முனையில் கெட்டிப் பொருக்கை விட்டுவைக்கும். ஐம்பதுக்கு ஐம்பதா, அறுபத்தைந்துக்கு முப்பத்தைந்தா என்பதைத் தீ சொல்லாது.

1970-களின் கசங்காத் துணிகள் பெரும்பாலும் பருத்தி–பாலியெஸ்டர் கலப்பு, மேலே பிசின் ஏற்றியது. கையில் கசக்கி விட்டால் மடிப்பு தானாகவே நீங்கினால் அந்த வகை. பழைய கலப்புத் துணியில் மேலே சின்னச் சின்ன உருண்டைகள் திரண்டிருந்தால் அது நிறையக் கழுவிய துணி. தேய்ந்த பருத்தி நாரை உதிர விடாமல் பாலியெஸ்டர் நார் பிடித்துவைத்துக்கொள்ளும். உங்களுடையது தண்ணீர் பார்க்காதது என்பதால் அது இருக்கக் கூடாது. இருந்தால் ‘கழுவாதது’ என்ற பேச்சே பொய்.

பெட்டித்துணி:
அதோடு ஒட்டியது இது: படுக்கை விரிப்பை வெட்டி உடுப்புத் துணி என்று விற்பது. ஸ்னூப்பி படம் போட்ட விரிப்புகள் ஏராளம் வந்தன. பன்னா 66 அங்குலம் என்றால் அது அமெரிக்க ஒற்றைக் கட்டில் விரிப்பு. தலைப்பக்கம் அகல மடிப்பு இருந்த இடத்தில் வரிசையாக ஊசித் துளை தெரியும். கரையில் எழுத்து இருக்காது. நடுவில் இருக்கும் துணி ஓரத்தைவிட மெலிந்திருக்கும், வெளிச்சத்துக்கு எதிரே பிடித்தால் உடனே தெரியும். இங்கே 44 அங்குலமும் கரை எழுத்தும் இருப்பதால் அந்தப் பயம் இல்லை.

எல்லாம் சேர்த்துப் பார்த்தால் என் கணிப்பு 1970-கள், தள்ளிப்போனால் 1980-களின் தொடக்கம். 1958-க்கான விலை கேட்டால் கொடுக்க வேண்டியதில்லை. ஆனால் நல்ல துணி. ஆறு நிறம், பிசகில்லாமல் நிற்கிறது.

கத்தரிமுனை:
பாவு, ஊடை இரண்டும் எரித்துப் பார்த்தாயிற்று. இரண்டிலும் கெட்டிப் பொருக்கு. கலப்புதான். உருண்டை ஒன்றும் இல்லை. இனி கோடு.

சாயத்தொட்டி:
முதலில் அது கறையா, நிறம் போனதா என்று பிரியுங்கள். துணித் தானை இரண்டாக மடித்து, நல்ல பக்கம் உள்ளே வைத்து அட்டையில் சுற்றுவார்கள். மடிப்பு முனைதான் தூசிக்கும் காற்றுக்கும் வெளிச்சத்துக்கும் முகம் கொடுக்கும். மடிப்பின் குறுக்கே ஓர் உருவம் போகும் இடத்தைப் பாருங்கள். வெள்ளைத் தரையில் பழுப்பு ஏறி, சிவப்பும் நீலமும் குறையாமல் இருந்தால் அது கறை. பருத்தியின் செல்லுலோஸ் காற்றோடு சேர்ந்து மஞ்சளித்தது, கூடவே கஞ்சியும் பிசினும் பழுத்தது. இதில் பெரும்பகுதி தண்ணீரில் கரைந்து வந்துவிடும். மாறாக சிவப்பே வெளுத்திருந்தால் அது வெளிச்சம் தின்றது. எந்தக் கழுவலும் திருப்பித் தராது.

அடுத்து வலிமை. மடிப்பில் இரண்டு கட்டைவிரலையும் ஒரு செ.மீ. இடைவெளியில் வைத்து ஊடை வாக்கில் மெதுவாக இழுங்கள். நூல் நகர்ந்து திரும்பினால் நல்லது. ‘பிர்ர்’ என்று மெல்லிய சத்தம் வந்தால் இற்றுப்போயிற்று, அந்த இடத்தை விட்டு வெட்ட வேண்டியதுதான்.

பிறகு சாயச் சோதனை. ஆறு நிறத்துக்கும் தனித்தனியாக, கரையை ஒட்டி. ஒரு சொட்டுத் தண்ணீர், ஒரு நிமிஷம் பொறுத்து வெள்ளைப் பருத்தித் துணி, மேலே கனமாக எதையாவது பத்து நிமிஷம். அதையே சோப்புக் கரைசலில் ஒரு முறை, சோடியம் பர்கார்பனேட் (ஆக்சிஜன் வெளுப்பான் தூள்) கரைசலில் ஒரு முறை. மூன்றிலும் வெள்ளைத் துணி வெள்ளையாகவே இருந்தால்தான் தொட்டியில் போடலாம். கறுப்பும் சிவப்பும்தான் ஏமாற்றும்.

ஊசிமுனை:
கொஞ்சம் உப்பும் வினிகரும் போட்டு ஊறவெச்சா சாயம் நின்னுக்கும்னு எல்லாரும் சொல்றாங்களே சார்?

சாயத்தொட்டி:
நிற்காது அம்மா. உப்பு என்பது சாயமேற்றும் தொட்டியில் சாயத்தைப் பருத்தி நாருக்குள் தள்ள உதவும் பொருள். ஏறி முடிந்த சாயத்தை அது பூட்டாது. வினிகர் கம்பளி, பட்டுக்கான சாயமேற்றலில் பயன்படும், பருத்தி அச்சுக்கு அல்ல. அதுவும் இந்தத் துணியில் பெரும்பாலும் இருப்பது பிக்மென்ட் அச்சு, அதாவது நிறத்தூளைப் பசையால் துணிமேல் ஒட்டியது. சோதித்துப் பார்க்கலாம்: பின்பக்கம் படம் மங்கலாக, முன்பக்கம் விரலுக்குப் படலமாகத் தட்டுப்பட்டால் பிக்மென்ட். அது தண்ணீரில் கசியாது, ஆனால் தேய்த்தால் உதிரும். ஆகவே உப்பைப் பற்றிக் கவலைப்பட வேண்டாம், கையைப் பற்றிக் கவலைப்படுங்கள். கசக்கக் கூடாது, பிரஷ் போடக் கூடாது, முறுக்கிப் பிழியக் கூடாது.

வினிகருக்கு ஒரே ஒரு இடம் உண்டு. கடைசி அலசலுக்கு முந்திய தண்ணீரில் கால் கப் வெள்ளை வினிகர், துணியில் தங்கிய காரத்தை எடுக்க. அவ்வளவுதான்.

இனி கழுவும் முறை. வெட்டிய இரண்டு முனைக்கும் ஜிக்ஜாக் ஓட்டுங்கள், இல்லாவிட்டால் பிசிறி 5 செ.மீ. வரை போய்விடும். துணி தாராளமாக மிதக்க வேண்டும், இரண்டரை மீட்டருக்குப் பதினாறு லிட்டர் வையுங்கள். முதலில் வெறும் குளிர்ந்த தண்ணீரில் அரை மணி. தண்ணீர் தேநீர் நிறத்தில் வரும். அதைக் கொட்டிவிட்டு மறுபடி. நிறம் குறையும் வரை மூன்று நாலு தடவை. பல துணிக்கு இதிலேயே பாதிக் கோடு போய்விடும். அப்புறம்தான் பர்கார்பனேட்: 40 டிகிரி வெந்நீர், நாலு லிட்டருக்கு ஒரு மேஜைக்கரண்டி, ஆகப் பதினாறு லிட்டருக்கு நாலு. துணியைப் போடுவதற்கு முன் தூள் முழுக்கக் கரைந்திருக்க வேண்டும். கரையாத மணி ஒன்று ஒட்டினாலும் அந்த இடத்தில் வெளிர்புள்ளி விழும். வாளியை இறுக்கி மூடாதீர்கள், ஆக்சிஜன் வெளியேற வேண்டும். ஆறு மணி நேரத்துக்கு மேல் அந்தக் கரைசலில் வேலை நடக்காது. கோடு மிச்சம் இருந்தால் புதிதாகக் கரைத்து இன்னொரு முறை. நாலு அலசல்.

தூக்கும்போது ஒரு முனையைப் பிடித்துத் தூக்காதீர்கள். நல்ல பருத்தி நார் நனைந்தால் இன்னும் உறுதியாகத்தான் இருக்கும், ஆனால் நைந்த மடிப்பு தண்ணீரின் கனத்தைத் தாங்காது. அடியில் ஒரு வலையோ விரிப்போ போட்டு அதோடு சேர்த்துத் தூக்கி, துண்டின் மேல் விரித்து, நிழலில் காயப்போடுங்கள்.

குளோரின் வெளுப்பான் பக்கமே போக வேண்டாம். அந்தக் காலத்துக் கசங்காப் பிசின்களில் சில குளோரினைப் பிடித்துவைத்துக்கொள்ளும். கழுவியபோது வெள்ளையாகத் தெரியும், இஸ்திரிப் பெட்டி பட்டதும் மஞ்சளாகிவிடும், நூலும் இற்றுவிடும். துருக்கறையிலும் குளோரின் பட்டால் கறை இன்னும் அழுத்தமாக ஊன்றிக்கொள்ளும். பழுப்பு, புள்ளிபுள்ளியாக, ஓரம் தெளிவாக இருந்தால் துரு. தானில் குத்திய குண்டூசி வைத்தது. அதைத் தனியாகப் பார்க்க வேண்டும்.

ஊசிமுனை:
இன்னொண்ணு சேத்துக்கோங்க. அந்தப் பிசின்ல ஃபார்மால்டிஹைடு இருக்கும். மூக்குல குத்துற வாசனை வந்தா அதுதான். சிலருக்கு உடம்புல பட்டா அரிக்கும். அதுக்காகவாவது தைக்கறதுக்கு முன்னாடி கழுவியே ஆகணும். கழுவாம அப்படியே தைக்கலாம்னு யாரு சொன்னாலும் கேக்காதீங்க.

பெட்டித்துணி:
சேகரிக்கிறவர்கள் கழுவாத துணிக்குத்தான் மதிப்பு என்பார்கள். 1930-களின் துணி என்றால் நானும் அதைத்தான் சொல்வேன். இது உடுத்தத்தான் அச்சடித்தது. கழுவலாம், வெட்டலாம். கழுவுவதற்கு முன் கரை எழுத்து முழுசாக வரும்படி 15 செ.மீ.க்கு ஒரு படம் எடுத்துவிடுங்கள், வட்டங்களோடு சேர்த்து.

கத்தரிமுனை:
மூன்று குளிர்ந்த தண்ணீர், ஒரு பர்கார்பனேட். கோடு போய்விட்டது, மேல் முனையில் 20 செ.மீ. நீளத்துக்கு மட்டும் மெல்லிய நிழல். சாயம் எதுவும் இறங்கவில்லை. ரிப்பீட் இப்போது 31 செ.மீ., மொத்த நீளம் 2.47 மீட்டர். ஒரு சிக்கல்: ஊடை நூல் ஒன்றை உருவிப் பார்த்தால், படத்தின் வரிசை அதோடு ஒத்துப்போகவில்லை. கரைக்குக் கரை 1.5 செ.மீ. சாய்ந்து போகிறது.

ஊசிமுனை:
இந்தச் சாய்வைத்தான் கழுவினதும் எல்லாரும் இழுத்துச் சரி பண்ணப் பாப்பாங்க. வெறும் பருத்தின்னா மூலைக்கு மூலை இழுத்து நேராக்கிடலாம். இதுல முடியாது. பிசின் போட்டுச் சூட்டுல இறுக்கின துணி, நூல் அந்தக் கோணத்துலயே உறைஞ்சிருக்கும். இழுத்தா இன்னிக்கு வரும், அடுத்த கழுவல்ல பழையபடி திரும்பிடும். தைச்ச உடுப்பு அப்புறம் பக்கவாட்டுல முறுக்கிக்கும்.

1 செ.மீ. வரைக்கும்னா படத்தைப் பாத்து வெட்டுங்க, நூலை மறந்துடலாம். 2.5 செ.மீ.க்கு மேலன்னா உடுப்புக்கு வேண்டாம், பை தைக்கலாம். ஒன்றரை நடுவுல நிக்குது. ஆனா இது முழுப் பன்னாவுக்கும் சேத்துத்தான் ஒன்றரை. உங்க முன்பாகம் அகலம் 62 வாக்குல இருக்கும், அதுக்குள்ள 8 மில்லிமீட்டர்தான் சாயும். அதனால படத்தைப் பாத்தே வெட்டுங்க. ஏ-லைன் தொங்கல்ல அது தெரியாது. ஒட்டிப் பிடிக்கிற பென்சில் பாவாடைன்னா தெரிஞ்சிருக்கும்.

அளவு கணக்கு சொல்றேன். படம் ஒரு திசை. அதனால முன்பாகத்தை மேல் நோக்கியும் பின்பாகத்தைத் தலைகீழாவும் வெச்சு மிச்சம் பிடிக்க முடியாது. கீழ அகலம் இரண்டையும் சேத்தா பன்னாவோட 112 செ.மீ.யைத் தாண்டுது, பக்கத்துல பக்கத்துல வைக்கவும் முடியாது. ஒண்ணுக்குக் கீழ ஒண்ணுதான். பக்கத் தையல்ல படம் ஒரே மட்டத்துல வரணும்னா, பின்பாகம் முன்பாகம் தொடங்கின அதே படத்துலதான் தொடங்கணும். 100 செ.மீ. நீளத்துக்கு 31 மூணு தடவை போனா 93, பத்தாது. நாலாவது ரிப்பீட்டுக்குப் போகணும், 124. அதுக்கு மேல 100. மொத்தம் 224. உங்ககிட்ட 247 இருக்கு. தாராளமா வரும், 23 மிச்சம்.

ஆனா நீளத்தை 93-க்குள்ள கொண்டுவந்தா 186-லயே முடிஞ்சுடும். 7 செ.மீ. குறைச்சா 38 செ.மீ. மிச்சமாகுது பாருங்க. அந்த 7-ல பாதிக்கு மேல கீழ் மடிப்புலயே எடுத்துடலாம். 5 செ.மீ. மடிப்புக்குப் பதிலா 1 செ.மீ. விட்டு, வெள்ளைப் பருத்தில தனிப் பட்டி வெச்சு உள்ள மடிச்சுடுங்க. உடுப்பு உண்மைல 3 செ.மீ.தான் குட்டையாகும். மிஞ்சுற 61 செ.மீ. முழுப் பன்னா துணில ஒரு சின்னக் குழந்தைச் சட்டையே வரும்.

இழைபிரி:
இது வரிசை வரிசையாக நிற்காமல் சிதறிக் கிடக்கும் படம் என்றால் பக்கத் தையலில் பொருத்தம் பார்க்கவே வேண்டாம் அக்கா. 31 கணக்கு வீண்.

ஊசிமுனை:
சிதறின படம்னா சரி. இது நாய்வீடு வரிசை. கூரைக் கோடு கண்ணுக்கு நேரா நிக்கும். பக்கத் தையல்ல ஒரு பக்கம் கூரை, மறுபக்கம் பாதி மூக்குன்னா தூரத்துலேர்ந்தே தெரியும். வெட்டறதுக்கு முன்ன துணியைச் சுவத்துல தொங்கவிட்டு மூணு மீட்டர் தள்ளி நின்னு பாருங்க. வரிசை தெரிஞ்சா பொருத்தணும்.

பொருத்தும்போது நடக்குற தப்பு, வெட்டுற விளிம்புல பொருத்தறது. தையல் கோட்டுலதான் பொருத்தணும். ஒன்றரை செ.மீ. உள்ள கோடு போட்டு, அந்தக் கோட்டுல எந்தப் படம் வருதோ அதைத்தான் அடுத்த பாகத்துல தேடணும். பின்பக்கம் ஜிப் வைக்கறதால பின்பாகம் இரண்டு துண்டு. ஒண்ணை வெட்டி, அதையே படம் தெரிய துணிமேல வெச்சு, படத்துமேல படம் உக்காந்ததும் மற்றதை வெட்டுங்க. மடிச்சுப் போட்டு இரண்டையும் ஒண்ணா வெட்டினா கீழ் அடுக்கு எங்க போகுதுன்னு தெரியாது. இந்த மாதிரித் துணியை எப்பவும் ஒத்தை அடுக்குலதான்.

முகம் எங்க விழுதுன்னு பாக்க, பேப்பருக்குப் பதிலா கண்ணாடி பிளாஸ்டிக்ல பேட்டர்ன் எடுங்க. மார்பு முனையைப் புள்ளி வெச்சுக்குங்க. அந்தப் புள்ளிமேல மூக்கோ கண்ணாடியோ வரக் கூடாது. டார்ட் (உடம்புக்குப் பொருந்த மடிச்சுத் தைக்கிற இடம்) கோட்டுலேர்ந்து 2 செ.மீ.க்குள்ள எந்த முகமும் வேண்டாம், மடிஞ்சு கோணலாயிடும். கண்ணாடி போட்ட ஸ்னூப்பியை நடுவுல, கழுத்துலேர்ந்து 8, 10 செ.மீ. கீழ நிறுத்துங்க. நடு மடிப்பு நிழல் இருக்கற 20 செ.மீ.யை ஃபேசிங்குக்கும் (கழுத்து ஓரத்துல உள்பக்கமா வெச்சுத் தைக்கிற பட்டி) பாக்கெட் உள்பக்கத்துக்கும் ஒதுக்கிடுங்க.

ஊசி 70/10 மைக்ரோடெக்ஸ் (மெல்லிய கூர்முனை ஊசி), பாலியெஸ்டர் நூல், தையல் நீளம் 2.5. இறுக்கமான நெசவும் அச்சுப் படலமும் இருக்கறதால மழுங்கின ஊசி நூலை அறுக்கும், தையல் விட்டுப்போகும். குண்டூசியைத் தையலுக்கு விடும் துணிக்குள்ள மட்டும் குத்துங்க, வெளில குத்தின துளை போகாது. பிரிச்சுத் தைச்சாலும் பழைய துளை வரிசை நிக்கும், அதனால முதல்ல மலிவான துணில ஒரு உடல் பாகம் தைச்சு அளவு பாத்துடுங்க. இஸ்திரி பின்பக்கமா, நடுச் சூடு, மேல ஒரு துணி போட்டு. அச்சு மேல நேரா வெச்சா பசை இளகி பெட்டியில ஒட்டும்.

கத்தரிமுனை:
மிஞ்சும் 61 செ.மீ.யில் குழந்தைக்கு இரவுச் சட்டை தைக்கலாமா?

பெட்டித்துணி:
பகல் சட்டை தையுங்கள். இரவுச் சட்டை வேண்டாம். அமெரிக்காவில் குழந்தைகளின் இரவு உடைக்குத் தீப்பற்றும் தன்மை பற்றிய கட்டாய விதி 1970-களின் தொடக்கத்தில் வந்தது. அதனால்தான் அதற்குப் பிந்திய கரைகளில் ‘குழந்தைகளின் இரவு உடைக்கு அல்ல’ என்ற பொருளில் எச்சரிக்கை வரத் தொடங்கியது. அந்த வரி இருந்தால் வயதுக்கு அது இன்னொரு சான்று. இல்லை என்பதால் பாதுகாப்பானது என்று அர்த்தமில்லை.

இதில் எதிர்ப்பக்கமும் ஒன்று உண்டு. அந்த விதிக்காக இரவு உடைத் துணிகளுக்கு டிரிஸ் என்ற புரோமின் ரசாயனம் ஏற்றினார்கள், அது புற்றுநோய் ஆபத்து என்று 1977-ல் அமெரிக்கா தடை செய்தது. ஆகவே அந்தக் காலத்துக் குழந்தை இரவு உடையையோ அதற்கென்று விற்ற பாலியெஸ்டர், அசிடேட் துணியையோ எடுத்துக் குழந்தைக்குத் தைக்கவே கூடாது. உங்களுடையது சாதாரண உடுப்புத் துணி, இந்தக் கவலை இதில் இல்லை.

இழைபிரி:
தைத்து விற்றால் காப்புரிமைச் சிக்கல் வருமா?

பெட்டித்துணி:
அமெரிக்கச் சட்டத்தில் உரிமம் பெற்று அச்சடித்த துணியை வாங்கியவர் அதை வெட்டித் தைத்து விற்பது பற்றி 1997-ல் போர்ட்டோ ரிக்கோ மாவட்ட நீதிமன்றத்தில் ‘பிரெஷியஸ் மொமென்ட்ஸ்’ வழக்கு நடந்தது. முதல் விற்பனையோடு அந்தத் துணியின் மேலிருந்த காப்புரிமைப் பிடி முடிந்துவிடுகிறது என்றுதான் தீர்ப்பு. ஆனால் வணிகக் குறி தனி. உரிமையாளரே செய்த உடுப்பு என்று வாங்குகிறவர் நினைக்கும்படி விளம்பரம் செய்யக் கூடாது. உரிமையாளர் செய்த உடுப்பு இல்லை என்று உடுப்பிலேயே தெளிவாக எழுதி வைப்பதுதான் முறை. டிஜிட்டல் நகல் துணிக்கு இது எதுவும் பொருந்தாது, அதன் முதல் அச்சே உரிமம் இல்லாதது.

சாயத்தொட்டி:
மிச்சத்தை உடனே தைக்கப்போவதில்லை என்றால் இப்போதிருந்தே ஒழுங்காக வையுங்கள். மடிக்காமல், அமிலமில்லாத காகிதம் சுற்றிய குழாயில் அச்சு வெளிப்பக்கம் இருக்கச் சுருட்டுங்கள். உள்பக்கமாகச் சுருட்டினால் அச்சுப் படலம் நசுங்கிச் சுருக்கம் விழும். மேலே வெளுத்த பருத்தித் துணி. பிளாஸ்டிக் பை ஈரத்தை அடைத்துவைக்கும், மரப் பலகை நேரடியாகப் பட்டால் மறுபடி பழுப்புக் கோடு வரும். கஞ்சி போட்டு வைக்காதீர்கள், கஞ்சிக்குத்தான் வெள்ளிப்பூச்சி வரும். அந்துருண்டை பருத்திக்கு வேண்டியதே இல்லை, வாசனை மட்டும் வருஷக்கணக்கில் நிற்கும்.

ஊசிமுனை:
கரை எழுத்து இருக்கற துண்டை வெட்டித் தூர போட்டுடாதீங்க. 2 செ.மீ. அகலத்துக்கு வெட்டி, வட்டங்களும் ஆண்டும் தெரியற மாதிரி, பின் கழுத்து ஃபேசிங் உள்பக்கமா லேபிள் மாதிரி வெச்சுத் தைச்சுடுங்க. மற்ற மூணு பக்கமும் 5 மில்லிமீட்டர் மடிப்பு, கரை முனையை மடிக்க வேண்டாம், அது பிசிறாது.

கத்தரிமுனை:
93 நீளம், தனிப் பட்டி, ஒற்றை அடுக்கு வெட்டு. அப்படியே செய்கிறேன். கரைத் துண்டு பின் கழுத்துக்கு.